ஆறாம் அத்தியாயத் திருத்தங்கள்

ஆறாம் அத்தியாயத்தின் நான்காம் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது. பொய்.

பிற்பகல் வெயில் திரைச்சீலையில் மஞ்சளாகத் தேங்கி நிற்க, மின்விசிறி சுற்றுக்கொரு முறை கிறீச்சிட, மேஜையில் பரப்பிய தாள்களின் ஓரங்கள் பறக்கப் பார்த்துப் பார்த்து அடங்க, அவள் அந்தச் சொல்லையே வெறித்துக்கொண்டிருந்தாள். ‘அம்மா கூப்பிட்ட குரலுக்கு ஓடிப்போய் நின்றேன்’ என்று அவள் எழுதிய வரிக்கு நேர் எதிரே அது இருந்தது.

அவளுடைய திருத்தம் பச்சை மையில் இருக்கும். அக்காவுடையது சிவப்பில். ஒற்றைப்படை அத்தியாயங்கள் அக்காவுக்கு, இரட்டைப்படை அவளுக்கு, அட்டையில் இருவர் பெயரும் என்று புத்தகம் தொடங்கிய அன்றே பேசிக்கொண்டார்கள். பென்சிலைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

அம்மா பக்கவாதத்தில் படுத்துக் கிடந்த ஒன்பது வருடங்களைப் பற்றிய புத்தகம். ஒன்பது வருடமும் கூட இருந்தவள் அவள். அக்கா வருடத்துக்கு இரண்டு தடவை பெட்டியும் பழப்பையுமாக வந்து, மூன்று நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துவிட்டுப் போனவள். அப்படிப்பட்டவள் முதல் அத்தியாயத்தில் எழுதியிருந்தாள், ‘நாங்கள் இரவு பகலாகக் கண்விழித்தோம்’ என்று. நாங்களாம்! மூத்திரத் துணி அலசினபோது எங்கே போயிருந்தது இந்த ‘நாங்கள்’?

நேற்று அதை வைத்துத்தான் சண்டை. அக்கா அம்மாவின் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். “மூஞ்சியப் பாத்தா சண்டைதான் வருது. பக்கத்தைக் கதவுக்கடியில தள்ளு, திருத்தி அனுப்புறேன்” என்று உள்ளிருந்தே சொன்னாள். காலையிலிருந்து அப்படித்தான் வேலை நடந்தது. பதிப்பாளருக்கு நாளைக்குக் கொடுத்தாக வேண்டும்.

அவள் எழுந்துபோய்க் கதவைத் தட்டினாள்.

“பென்சில்ல எதுக்கு எழுதுற? சொல்றதச் சிவப்புல சொல்லு.”

“பென்சிலா? நான் எங்கடி பென்சிலத் தொட்டேன்?”

“பொய்னு எழுதியிருக்கியே!”

“எழுதணும்னு தோணுச்சு. எழுதல.”

அந்தக் குத்தலில் அவளுக்கு உச்சந்தலை சுட்டது. மறுபடி தட்டக் கை ஓங்கியபோது கதவுக்கடியிலிருந்து ஏழாம் அத்தியாயம் சரசரத்து வெளியே வந்தது. அக்கா எழுதியது. ‘நாங்கள்’ வந்த இடமெல்லாம் பென்சிலால் சுழித்திருந்தது. ஓரத்தில் ஒரு கேள்வி: யார்? நீ எங்கே இருந்தாய்?

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நன்றாக வேண்டும் என்று சிரித்தாள். கேட்க நினைத்துக் கேட்காமல் விழுங்கிய கேள்வியை யாரோ அவளுக்காகக் கேட்டுவிட்டார்கள். இரண்டாம் தடவை படித்தபோதுதான் எழுத்தைக் கவனித்தாள்.

எல்லா எழுத்தும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. சொல் முடியும் இடத்தில் கோடு தாங்காமல் கீழே சரிந்திருந்தது.

வலப்பக்கம் விழுந்து பேச்சும் குழறிப்போன பிறகு, அம்மா இடது கையால் எழுதப் பழகினாள். தலையணைக்கடியில் துண்டு நோட்டும் குட்டைப் பென்சிலும் கிடக்கும். அந்த எழுத்தைப் படித்தது அவள் ஒருத்திதான். அம்மா போன மறுநாளே, அக்கா வந்து சேர்வதற்குள், நோட்டுகள் அத்தனையையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தியதும் அவள்தான்.

“அக்கா?”

உள்ளே பென்சில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அழுத்தி, நிறுத்தி, மூச்சு வாங்கி மறுபடி அழுத்தி. கதவு இடுக்கு வழியே தைலமும் முகப்பவுடரும் ஈரமெத்தையும் கலந்த நெடி மெல்ல ஊர்ந்து வந்து கணுக்காலில் ஏறியது.

அடுத்த தாள் வந்தது.

எட்டாம் அத்தியாயம். அவளுடைய பங்கு. அதில் இன்னும் ஒரு வரிகூட அவள் எழுதியிருக்கவில்லை. பக்கம் முழுக்கப் பென்சில்.

‘மூன்று மணி. தண்ணீர் கேட்டேன். வந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. பொழுது சாயும்வரை கேட்டேன்.’

அம்மா போன அன்று பிற்பகல் தான் அசந்து தூங்கிவிட்டதாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அக்காவிடமும்தான்.

“ஒம்போது வருஷம்!” கதவைப் பார்த்துக் கத்தினாள். “ஒரு நாள் முடியல. ஒரே ஒரு நாள்! அத மட்டும் எழுதுவியா? மிச்சத்த எழுத மாட்டியா?”

பென்சில் நின்றது.

அவள் கதவைத் தள்ளித் திறந்தாள்.

ஜன்னலோர மேஜையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். வலது கை நாற்காலிக்கு வெளியே துணிபோலத் தொங்கியது. வாயின் வலது ஓரம் இறங்கி, எச்சில் நூலாகத் தாளில் வடிந்தது. இடது கை எழுதியது. பென்சில் உடைந்து தரையில் கிடந்தது. கை நிற்கவில்லை. நகத்தால் எழுதியது. தாள் முடிந்து, மேஜைப் பலகையில். நகம் பிய்ந்து, சிவப்பில்.

கண் மட்டும் அக்காவுடையது. அது அழுதது. கெஞ்சியது. தன் கையைப் பார்த்தது. அவளைப் பார்த்தது.

வாய் கோணித் திறந்தது.

“குட்டி... தண்ணி...”

அம்மாவின் அந்தக் குழறல். அதே இழுவை. கேட்டவுடன் உள்ளங்காலிலிருந்து ஏறியது பயமில்லை. கோபம். பழைய கோபம். ஒன்பது வருடக் கோபம்.

ஓடிப்போய்க் கையைப் பிடிக்க வேண்டும். யாரையாவது கூப்பிட வேண்டும். சமையலறை பத்தடி தூரம்தான்.

அவள் வாசலில் நின்றாள். பார்த்தாள்.

கதவைச் சாத்தினாள்.

தாழ்ப்பாள் விழுந்தது. அதை இழுத்த விரல்கள் தன்னுடையவைதானா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே நாற்காலி நகர்ந்தது. ஒரு கால் இழுபடும் சத்தம் மேஜையிலிருந்து கதவுவரை வந்தது. பிறகு, அவள் நெற்றி சாய்ந்திருந்த பலகைக்கு மறுபக்கம், சரியாக அவள் முகத்துக்கு நேரே, ஒரு விரல் எழுத ஆரம்பித்தது.