எங்கே ஆடுது இந்த ஸ்டீயரிங்?

அம்மா ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினாள். சிவப்புக் கார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இன்னும் கொஞ்சம் திருப்பிய பிறகுதான், ஏதோ ஞாபகம் வந்ததுபோல மெதுவாகத் திரும்பியது. அதற்குள் முன்சக்கரம் சந்தின் ஓரத்தில் கிடந்த மணலில் ஏறிவிட்டது.

அம்மா எஞ்சினை நிறுத்தினாள். கொட்டகை வாசலில் நின்ற திருகாணி ஓடிவந்தாள்.

திருகாணி என்பது மாமா வைத்த பட்டப்பெயர். ஒரு விஷயம் மனதில் புகுந்துவிட்டால் அதை விடாமல் திருகிக்கொண்டே இருப்பாளாம்.

அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். துருப்பிடித்த கூடாக வந்த அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை, லீவு நாளெல்லாம் மல்லுக்கட்டி ஓடவைத்திருந்தாள். ஆனால் வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி, ஸ்டீயரிங் ஆடுகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை மறுபடி காட்ட வேண்டும்.

“அன்னைக்கும் தேறலைன்னா யார்கிட்டயாவது கொடுத்துடலாம்” என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள்.

சனிக்கிழமை காலையில் மாமா வந்தார். அவர் அம்மாவின் தம்பி. கடிகாரம் ரிப்பேர் செய்பவர். கடிகாரமோ காரோ, சக்கரம் சக்கரம்தான் என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடித்தார். ஸ்டீயரிங் பெட்டியின் மேலிருந்த திருகை இறுக்கினார். ஆட்டம் குறைந்தது. ஆனால் ஸ்டீயரிங் மரம் மாதிரி ஆகிவிட்டது. திருப்பினால் திரும்பிய இடத்திலேயே முறைத்துக்கொண்டு நின்றது.

இப்படி ஓட்டினால் ஆபத்து என்று அம்மா அந்தத் திருகைப் பழையபடி தளர்த்தினாள். ஆட்டமும் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. மாமா டீ குடிக்கப் போய்விட்டார்.

திருகாணி காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வகுப்பில் அவர்கள் காதோடு காதாகச் செய்தி சொல்லும் விளையாட்டு ஆடுவார்கள். கடைசிப் பையன் உளறினால் அவனைத் திட்டிப் பயனில்லை. எந்த இடத்தில் செய்தி மாறியது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

“அம்மா, நீ திருப்புறது எது எது வழியா சக்கரத்துக்குப் போகுது?”

அம்மா தரையில் கரித்துண்டால் வரைந்து காட்டினாள். ஸ்டீயரிங்கிலிருந்து நீண்ட தண்டு, தண்டிலிருந்து பெட்டி, பெட்டியிலிருந்து கை, கையிலிருந்து கம்பிகள், கம்பிகளிலிருந்து சக்கரங்கள்.

“அப்போ நடுவுல யாரோ ஒருத்தர் சரியா சொல்லல. நான் கீழ படுத்துப் பார்க்கறேன். நீ மேல உட்கார்ந்து ஆட்டு.”

அம்மா யோசித்தாள். பிறகு காரைச் சரிவுப் பலகைகளில் ஏற்றி நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, எல்லாவற்றையும் உலுக்கிப் பார்த்த பிறகுதான் சம்மதித்தாள்.

திருகாணி சாக்பீஸோடு கீழே போனாள். இரண்டு பாகங்கள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அம்மா ஸ்டீயரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் அசைத்தாள். எல்லாக் கோடுகளும் நேராக இருந்தன. கம்பி மூட்டு ஒன்றில் மட்டும் கோடு இரண்டாக விலகியது.

அங்கே இருந்த ரப்பர் வளையம் தேய்ந்து, நசுங்கி, மென்று துப்பிய சூயிங்கம் போலக் கிடந்தது. மாமா கடைகடையாக ஏறி இறங்கிப் புது வளையம் கொண்டுவந்தார். அம்மா அதை மாற்றினாள்.

ஸ்டீயரிங் பாதி திருந்தியது. பாதிதான்.

“பழைய வண்டின்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும்” என்றார் மாமா. அம்மாவும் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னும் ஆடுதே” என்றாள் திருகாணி. மறுபடி கீழே போய்விட்டாள்.

இந்த முறை எந்தக் கோடும் விலகவில்லை. அம்மா மேலிருந்து போதுமா என்று கேட்டாள். திருகாணி இன்னொரு தடவை என்றாள். கழுத்து வலித்தது. மூக்கின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. பிறகுதான் அவளுக்குத் தோன்றியது: பெட்டிக்குள்ளே வருவதையும் அதிலிருந்து வெளியே போவதையும் பார்த்தோம். பெட்டியே நகர்ந்தால்?

பெட்டி காரின் சட்டத்தோடு சேரும் இடத்தில் கறுப்புப் பிசின் அப்பியிருந்தது. துணியால் தேய்த்தாள். கோடு போட்டாள்.

“ஆட்டும்மா.”

கோடு விலகியது. அந்தப் பெரிய இரும்புப் பெட்டியே லேசாக நெளிந்தது.

“பெட்டியே ஆடுதும்மா!”

அம்மா அப்படியே தரையில் படுத்து உள்ளே நகர்ந்து வந்தாள். இருவரும் தோளோடு தோள் ஒட்டிப் பார்த்தார்கள். சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒன்று தளர்ந்திருந்தது. அம்மா புதுப் போல்ட் போட்டு, பல்லைக் கடித்து, ஸ்பேனரால் இறுக்கினாள். மற்றவற்றையும் ஒரு கை பார்த்தாள்.

திங்கட்கிழமை அதிகாரி ஸ்டீயரிங்கை லேசாக அசைத்தார். சக்கரம் உடனே அசைந்தது. மறுபடி அசைத்துப் பார்த்தார். பிறகு சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து முத்திரை குத்தினார். ஆட்டம் எங்கே இருந்தது என்று யார் கண்டுபிடித்தது எனப் போகும்போது கேட்டார். அம்மா திருகாணியின் தோளில் கைவைத்தாள். “இனி என் வண்டியை உன்கிட்டதான் கொண்டு வரணும்” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அம்மா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். திருகாணி பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். சிவப்புக் கார் சொன்ன பேச்சைக் கேட்டு முதல் திருப்பத்தில் அழகாகத் திரும்பியது.

அந்தக் காரில் இரண்டே இருக்கைகள். சோதனையைப் பார்க்க வந்திருந்த மாமா பேருந்தில் வந்தார்.