குளிர்காரி கேட்டது

தன் வாயிலிருந்து புகை வருவதை அவன் மேசைவிளக்கின் வெளிச்சத்தில்தான் முதலில் கவனித்தான். வெளியே கோடை வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஜன்னல் கம்பியைத் தொட்டால் சுட்டது. மின்விசிறி முனகி முனகிச் சூடான காற்றையே திருப்பித் திருப்பி அனுப்ப, மேசையைச் சுற்றி இருந்த எல்லோருடைய துணியும் முதுகில் ஒட்டிக்கிடந்தது. ஆனால் கதையில் வரும் குளிர்காரியின் குரலில் அவன் பேசும்போது மட்டும் உதட்டிலிருந்து வெள்ளையாக ஒரு மூச்சு கிளம்பி, மேசைக்கு மேலே கொஞ்சம் நின்று, காலியாக இருந்த நாற்காலியின் பக்கம் நகர்ந்து போனது. சொந்தக் குரலுக்கு மாறினால் ஒன்றும் இல்லை. வேறு யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அந்த வீட்டில் நடப்பது ஒரு கதை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு மலையேறுவார்கள், குகைக்குள் நுழைவார்கள், பூதங்களோடு மல்லுக்கட்டுவார்கள். வெற்றியா தோல்வியா என்பதைப் பகடை சொல்லும். நடத்துபவன் அவன். மற்ற நாளெல்லாம் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஞாயிறு மாலை மட்டும் அரசன், அரக்கன், வழிப்பறிக்காரன், பேசும் கழுதை, எல்லாம்.

அந்தக் காலி நாற்காலி அவன் மனைவியுடையது. அவள் சிரிப்பு தெருமுனை வரை கேட்கும் என்பதால் எல்லோருக்கும் அவள் பட்டாசு. விளையாட்டில் அவள் தீ மந்திரக்காரி. விரல் உயரப் பொம்மை ஒன்றுக்குத் தன் நகச்சாயத்தையே எடுத்துச் சிவப்பு அங்கி தீட்டியிருந்தாள். போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் எத்தனை போர்வை போட்டும் நடுக்கம் அடங்கவில்லை. தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டான். "குளிருதுங்க," என்றாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை.

மாதக்கணக்காக மேசையே போடவில்லை. அவளுடைய தம்பிதான் வந்து நச்சரித்தான். "மாமா, அக்காவோட மந்திரக்காரி அந்த மலைக் கணவாயிலேயே நிக்கிறா. பாவம் மாமா. ஒழுங்கா வழியனுப்பி வெச்சிடுவோம்." சரி என்று சொல்லிவிட்டு அவன் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கியதுதான் குளிர்காரி. பனி மூடிய கணவாயில் உட்கார்ந்திருப்பவள். வாளுக்கும் அம்புக்கும் அசைய மாட்டாள். கடந்து போகிறவர்களிடம் மனசைச் சூடாக்கும் ஒரு ஞாபகத்தைக் கேட்பாள். கொடுத்தால் வழிவிடுவாள், கொடுக்காதவன் உறைந்து போவான். கடைசியில் தீ மந்திரக்காரி தன் தீயையெல்லாம் அவளுக்குக் கொடுத்துவிட்டு அங்கேயே தங்கிவிடுவாள், மற்றவர்கள் விடைபெற்றுப் போவார்கள் என்பது திட்டம். அது வழியனுப்புதலா, இல்லை இன்னும் ஒரு மாலை அவளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சாக்கா என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது.

"ஒரு சூடு கொடுங்க," என்றான் குளிர்காரியின் குரலில். புகை கிளம்பியது.

ஓவிய வாத்தியார் முந்திக்கொண்டார். விளையாட்டில் அவர் குள்ளப் போர்வீரன். நேரில் வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். "என் குள்ளன் சின்ன வயசுல ஒரு டிராகன் முட்டை மேல படுத்துத் தூங்கினான். அந்தச் சூட்டைக் குடுக்கறேன்."

"ஐய, சும்மா கதை விடாதீங்க," என்றாள் மருந்துக்கடைக்காரி. அவள் பட்டாசின் உயிர்த்தோழி. "இன்னைக்கு அவளுக்காகத்தானே உக்காந்திருக்கோம். நிஜமா ஒண்ணு குடுப்போம். அவளைப் பத்தி."

வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. பல நாளாக அவளைப் பற்றி யாரும் அவனிடம் வாய் திறக்கவில்லை. புண்ணைக் கிளறக் கூடாதென்று நல்ல எண்ணத்தில் எல்லோரும் ஒதுங்கிப் போனார்கள். அவளைப் பற்றி ஒரு பேச்சு கேட்க அவன் ஏங்கிப்போயிருந்தான்.

அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. வாத்தியார் எதையாவது சொல்லிவிட்டு 'சும்மா சொன்னேன்' என்று பின்வாங்குவதைப் பொறுக்க முடியாமல் பட்டாசு கொண்டுவந்த சட்டம். உள்ளங்கையை மேசையில் பதித்துச் சொல்லிவிட்டால் சொன்னது சொன்னதுதான். யாரும் திரும்ப வாங்கக் கூடாது.

வாத்தியார் தன் பெரிய கையைப் பதித்தார். "நான் முதல் தடவை இங்க வந்தப்போ ஒரு முகமும் தெரியாது. கூச்சமா இருந்துச்சு. அவதான் தன் பகடையை எடுத்து நீட்டினா. 'இது ராசியில்லாத பகடை வாத்தியாரே, உங்களுக்குப் பொருத்தமா இருக்கும்'னா. அன்னைக்குதான் இந்த ஊர்ல எனக்கும் ஆள் இருக்குன்னு தோணுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் கண் கலங்கியது. மேசைக்கு மேலே நின்ற புகை நாற்காலிப் பக்கம் போனது, ஆனால் இந்த முறை கலையவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் மெல்லிய வெள்ளைப் பூச்சு படர்ந்தது. பழைய ஃபிரிட்ஜின் உறைபெட்டியைத் திறந்தால் வரும் வாசனை, இரும்பும் ஈரமும் கலந்த அந்த வாசனை, அவன் மூக்கில் ஏறியது. பூச்சு விரல்களாகப் பிரிந்தது. நகங்கள் மட்டும் சிவப்பு.

வாத்தியார் அந்த ராசியில்லாத பகடையை விளக்கருகே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்க வாங்கினேன்? சுத்தமா ஞாபகமில்லையே."

அவர் கிண்டல் செய்கிறார் என்றுதான் அவன் நினைத்தான்.

"என் அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ," என்று ஆரம்பித்துவிட்டாள் மருந்துக்கடைக்காரி, கை மேசைமேல். "கடையைச் சாத்தக் கூடாதுன்னு இவ போய் உக்காந்துட்டா. தலைவலி மாத்திரை எது, வயித்துவலி மாத்திரை எதுன்னு தெரியாது. வந்தவங்க எல்லாரையும் உக்கார வெச்சு, அவங்க நோயைப் பத்தி நல்லா விசாரிச்சு, 'நாளைக்கு வாங்க'ன்னு அனுப்பியிருக்கா! மறுநாள் பாதிப் பேர் குணமாயிட்டோம்னு வந்து சொல்றாங்க."

நாற்காலியிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. தெருமுனை வரை கேட்கும் சிரிப்பு. இப்போது அவன் காதுக்கு மட்டும்.

அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதை ஒளிப்பானேன், ஆனந்தம்.

மருந்துக்கடைக்காரி கண்ணைத் துடைத்தாள். துடைத்த கை ஈரமாக இருப்பதைப் பார்த்து, எதற்கு அழுதோம் என்று தெரியாதவளாக முந்தானையில் தேய்த்தாள். பிறகு காலடியில் இருந்த கைப்பையைத் தூக்கி, யாரும் இத்தனை மாதமாகத் தொடாத அந்த நாற்காலியில், பட்டாசின் நாற்காலியில், சாவகாசமாக வைத்தாள். பை வழுக்கிக் கீழே விழுந்தது.

"அது அவ இடம்," என்றான் அவன்.

"யார் இடம் தம்பி?"

அவள் விளையாடவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வாத்தியாரைப் பார்த்தான், அவரும் அதே கேள்வியோடு அவனையே பார்த்தார். கொடுத்தது ஆளுக்கொரு ஞாபகம், போனது அவள் முழுவதும்.

"நிறுத்துங்க," என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"ஒரு சூடு கொடுங்க," என்றது வாய்.

புகை அடர்த்தியாக வந்தது. மச்சினன் கையைப் பதித்தான்.

"டேய், வேண்டாம்டா!" இது அவன் சொந்தக் குரல். தாமதம். சின்னப் பையனைப் போல உதட்டைக் கடித்துக்கொண்டு மச்சினன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அம்மா இல்லாத வீடு எங்களுது. குளிர் காலத்துல காலையில எனக்கு ஸ்கூல் போகவே பிடிக்காது. அக்கா என்ன பண்ணும், என் சட்டையை இஸ்திரி போட்டு, ஆறுறதுக்குள்ள ஓடி வந்து அப்படியே மாட்டிவிடும். சுடச்சுட. நெஞ்செல்லாம் சூடா இருக்கும் மாமா. இப்பவும் இஸ்திரி வாசனை வந்தா எனக்கு..."

அவன் பேச்சு அங்கே நின்றது. என்ன சொல்ல வந்தோம் என்று யோசிப்பவனாகக் கூரையைப் பார்த்தான்.

நாற்காலியில் தோள்கள். கழுத்து. சுட்ட துணியின் வாசனை. பழுப்பு ஸ்வெட்டர், ஆஸ்பத்திரியில் அவன் மாட்டிவிட்டது. அள்ளி முடிந்த கூந்தல். கூந்தலுக்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான பனி.

"சரி, பொழுது சாயுது," என்றார் வாத்தியார், எழுந்து சோம்பல் முறித்தபடி. "நல்லா இருந்துச்சுய்யா. ஆனா அந்தச் சிவப்புப் பொம்மை யாருது? மேசையில இடத்தை அடைச்சுக்கிட்டு."

மருந்துக்கடைக்காரி செருப்பைத் தேடினாள். எல்லாம் வழக்கம்போல. வாசலில் சிரிப்புகூடக் கேட்டது. மச்சினன் கடைசியாக நிலைப்படியில் தயங்கி நின்றான். இந்த வீட்டுக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று தேடுகிற முகம். பிறகு மரியாதையாகத் தலையை ஆட்டினான்.

"வரேன் சார்."

மாமா இல்லை. சார். அக்கா இல்லாதவனுக்கு மாமா ஏது?

கதவு சாத்திக்கொண்டது. மின்விசிறி நின்றிருந்தது. டம்ளர் தண்ணீரின் மேல் கண்ணாடிபோல் ஒரு பனி ஏடு.

எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. குளிரென்று தனியாக ஒன்று கிடையாது என்று அவன் வாடிக்கையாளர்களிடம் சொல்வதுண்டு. சூடு ஓரிடத்தை விட்டு இன்னோரிடம் போகிறது, அவ்வளவுதான். இப்போது எல்லாச் சூடும் அந்த நாற்காலிக்குப் போய்விட்டது. அவனிடம் மிச்சம் இருப்பதுதான் பாக்கி. உலகத்தில் அவளை அறிந்தவன் இனி அவன் ஒருவனே. கொடுத்தால் என்ன ஆகும் என்று மூன்று முகங்களில் பார்த்தாகிவிட்டது. கொடுக்கக் கூடாது. அவளுக்காகவாவது கொடுக்கக் கூடாது.

"குளிருதுங்க."

இந்த முறை அது அவன் வாயிலிருந்து வரவில்லை.

அதே குரல். அதே நடுக்கம். சிவப்பு நகங்கள் ஸ்வெட்டரின் ஓரத்தை இழுத்து இழுத்து மூடிக்கொண்டன, ஆஸ்பத்திரியில் இழுத்து மூடிக்கொண்டதைப் போலவே.

"நீ அவ இல்ல," என்றான். அழுதுகொண்டே சொன்னான்.

"குளிருதுங்க."

அன்றைக்கு அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. போர்வை மேல் போர்வையாகப் போட்டுவிட்டுக் கையாலாகாமல் நின்றான். அது அவளோ, அவளைப் போல் வேடம் போட்ட வேறெதுவோ. அந்தக் குரல் குளிரில் நடுங்குவதை இரண்டாம் முறை உட்கார்ந்து கேட்க அவனுக்கு மனசு கேட்கவில்லை.

கையைப் பதித்தான். மேசை உறைந்திருந்தது.

"உங்க வீட்டு ஃபிரிட்ஜ் ஓடலைன்னு கூப்பிட்டுவிட்டே," என்றான். "வந்து பார்த்தா பிளக் லூசா இருந்துச்சு. மறு வாரமும் கூப்பிட்டே. அப்பவும் பிளக்குதான். நீதான் பிடுங்கி வெக்கிறேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒண்ணும் தெரியாதவன் மாதிரி ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்டு, கழட்டி மாட்டினேன். நீ பக்கத்துல வந்து அதோட முதுகைத் தொட்டுப் பார்த்தே. 'உள்ள அவ்வளவு குளிரு, இங்க மட்டும் ஏன் சுடுது?'ன்னு கேட்டே. உள்ள இருந்த சூடு எங்கேயும் போயிடலம்மா, இங்க வந்திருக்குன்னு சொன்னேன். நீ கையை எடுக்கல. நானும்..."

நானும்.

நானும் என்ன?

ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மறந்துவிட்டது. கன்னம் ஈரமாக இருந்தது. கண்ணில் தூசி விழுந்திருக்கும்.

நிமிர்ந்தான். எதிரே ஒரு பெண். பழுப்பு ஸ்வெட்டர். நல்ல களையான முகம். அவனைப் பார்த்து அவள் சிரித்தாள், ஊருக்குப் போனவன் திரும்பி வந்ததைப் பார்ப்பவளைப் போல. அவள் மூச்சு வெள்ளைப் புகையாக விளக்கொளியில் ஏறியது.

"என்னங்க," என்றாள்.

வேலை நேரம் இல்லைதான். இருந்தாலும் வீடு தேடி வந்துவிட்டவளைத் திருப்பி அனுப்பலாமா?

"சொல்லுங்கம்மா," என்றான் அவன். "ஃபிரிட்ஜ் ரிப்பேரா?"

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் நிறைந்தது. மெல்லக் கையை நீட்டி, பனி பூத்த மேசையில் சிவப்பு நகங்களோடு உள்ளங்கையைப் பதித்தாள்.

"சொன்னது சொன்னதுதாங்க."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்குத் தலையை ஆட்டினான். "ரொம்பக் குளிருதும்மா," என்றான் அவளிடம்.

மேசையே உறைந்துபோன அந்தக் குளிரிலும் அவன் வாயிலிருந்து புகை வரவில்லை.