பாதிச் செபம்

பிள்ளை தடுமாறவில்லை. இராசாத்தியை முதலில் உறுத்தியது அதுதான்.

பொழுது சாய்ந்ததும் மாதா சுரூபத்தின் முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, தாயும் மகளும் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாதியைத் தாய் சொல்ல, மீதியை ஆறு வயது யதுசா சொல்வாள். இன்றைக்கு நடுவிலேயே மூச்சு முட்டி இராசாத்திக்கு வசனம் தொண்டைக்குள் நின்றுவிட்டது. மகளோ முழுதும் கேட்டவள் போல, உரிய இடத்தில் மறுமொழி சொன்னாள்.

வைரஸ் காய்ச்சல் விட்டு இரண்டு மாதமாகியும் இராசாத்தி தேறவில்லை. நாலடி நடந்தால் மூச்சு வாங்கும், கால் துவளும், சமைக்கக் குசினிக்குள் போனால் எதற்குப் போனோம் என்பதே மறந்துவிடும். குரல் வெறும் காற்றாகிப் போயிற்று. முன்பெல்லாம் கரையில் நின்று கூப்பிட்டால் கடலில் நிற்கிற படகுக்குக் கேட்ட குரல் அது. "உன்ர தொண்டை இருக்கேக்க எனக்கு ஃபோன் எதுக்கு?" என்று கடலுக்குப் போகும்போது புருசன் றொமேஸ் பகிடி பண்ணுவான். "காய்ச்சல் போனாலும் அதின்ர களை மெல்லத்தான் போகும், பயப்பிடாதேங்கோ," என்றார் டொக்டர். இன்று வரை அவள் பயப்படாமல்தான் இருந்தாள்.

அடுத்த மணியை உருட்டினாள். வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டாள்.

செபம் கேட்டது. இருண்ட குசினிக்குள்ளிருந்து. கணீரென்று, மூச்சு வாங்காமல். அவளுடைய பழைய குரல்.

யதுசா கண்ணை மூடியபடியே மறுமொழி சொன்னாள். செபம் முடியுமட்டும் கண் திறக்கக் கூடாதென்று பழக்கியவள் இராசாத்திதான்.

"யதுசா, எழும்பி இஞ்ச வா பிள்ளை," என்றது குசினிக்குள்ளிருந்த குரல்.

பிள்ளை எழும்பினாள். கைகளை முன்னால் நீட்டியபடி குசினிப் பக்கம் நடந்தாள்.

இராசாத்தி கத்தினாள். காற்றுத்தான் வந்தது. எழும்பப் பார்த்தாள். கால் சொல்வழி கேட்கவில்லை. தவழ்ந்தாள். வாசற்படியில் பிள்ளையின் சட்டை நுனி கையில் அகப்பட்டது. மாதாவே, பிடித்துவிட்டாள்.

யதுசா வீரிட்டாள். "அம்மா! ஆரோ பின்னால பிடிச்சு இழுக்கினம்! நாய் மாதிரி இரைக்கினம்!"

"கண்ணைத் திறக்காத மோனை," என்றது குசினிக் குரல். "உதறிப்போட்டு ஓடி வா."

பிள்ளை உதறினாள்.

கையில் கிழிந்த துணி மட்டும்.

இருட்டுக்குள் செபம் தொடர்ந்தது. பாதியை அந்தக் கணீர்க் குரல் சொன்னது. மீதியை யதுசா சொன்னாள். வசனத்துக்கு வசனம் பிள்ளையின் குரல் மெலிந்து, காற்றாகிக்கொண்டே வந்தது.