ஆள் இருக்கும் வீடு

மேசைக்கு அடியில் இருந்த பெட்டி தானாகவே மூச்சு விடத் தொடங்கியது.

முதலில் கோமாங் விராத்தா அதை மழை என்றுதான் நினைத்தான். பாலித் தீவே மௌனம் காக்கும் நியெப்பி நாள், மாலை. தென்பசாரின் அந்தச் சந்து முழுக்க அடுப்பு மூட்டாமல், விளக்கேற்றாமல், வண்டி எடுக்காமல், தொண்டையைச் செருமுவதற்குக்கூட யோசித்துக்கொண்டு கிடந்தது. முந்தைய நாள் ஊர்வலத்தில் எரிந்த பந்தங்களின் கரிவாடையும், வாசலில் வாடிய படையல் பூக்களின் புளித்த வாடையும் தவிர வேறெதுவும் நடமாடாத அந்த வேளையில், ஒரு சின்ன விசிறியின் இரைச்சல்கூட அடைமழை போலத்தான் கேட்கும். பாயிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். மழை இல்லை. பெட்டிக்குள் பில்ட் ஓடிக்கொண்டிருந்தது.

ஓட முடியாது. யாராவது எங்கிருந்தாவது நிரலில் ஒரு மாற்றம் செய்து அனுப்பினால்தான் அந்தக் கணினிப் பெட்டி விழிக்கும். வரிசையாக எழுதிவைத்த கட்டளைகளை ஒவ்வொன்றாக இயக்கி, சிதறிக் கிடக்கும் நிரலைக் கோத்து ஒரு செயலியாகக் கட்டும், அதற்குப் பெயர்தான் பில்ட். தீவு முழுக்க இணையத்தை நிறுத்திவிட்டார்கள். இன்று அனுப்ப யாருக்கும் வழியில்லை.

அவன் நிறுவனம் விற்பது அமைதி. 'ஹெனிங்' என்ற செயலியில் பணம் கட்டினால் காட்டு அமைதி, கோயில் அமைதி, அதிகம் கட்டினால் வி.ஐ.பி. அமைதி கிடைக்கும், மூன்றும் ஒரே ஒலிக்கோப்பு. முதலாளி ரெனால்டி ஜகார்த்தாவில் இருந்தார். தன் பெயருக்குக் கீழே 'அமைதியின் தலைமைச் சிற்பி' என்று அச்சடித்திருந்தார். வாடகைக்கு இயந்திரம் எடுப்பது வீண் என்று கண்டுபிடித்து, இந்தப் பெட்டியைக் கோமாங்கின் படுக்கையறையில் கொண்டுவந்து வைத்தவரும் அவர்தான். 'தீவின் ஆன்மாவோடு இணைந்த உள்கட்டமைப்பு' என்று முதலீட்டாளர்களிடம் சொன்னார். ஆன்மாவின் மின் கட்டணத்தைக் கோமாங் கட்டினான்.

ரெனால்டிக்குத் திரையில் சிவப்பைக் கண்டால் ஆகாது. ஏதாவது ஒரு கட்டளை தவறினால் சிவப்பு வரும், வேலை அங்கேயே நிற்கும், அவர் தொலைபேசியில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவார். அதற்குப் பயந்து கோமாங் ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் ஒரு சின்ன வால் ஒட்டியிருந்தான். நடந்தாலும் நடக்காவிட்டாலும் நடந்தது என்று சொல். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

கடைசிக் கட்டளை முதலாளியின் சொந்தக் கற்பனை. பில்ட் முடிந்ததும் சுவரில் பச்சை விளக்கு எரியும். பெட்டிக்குள்ளிருந்து ரெனால்டியின் குரல், யோகா வகுப்பின் குழைவோடு, 'இங்கே ஒருவர் விழித்திருக்கிறார். வாழ்த்துகள்' என்று சொல்லி, வேலை செய்தவரின் பெயரை அழைக்கும்.

அதைத்தான் நேற்று அவன் நீக்கினான். தலைமையகப் பிரதியில் நீக்கினான். பெட்டி அடுத்த முறை விழிக்கும்போது அதை இறக்கிக்கொள்ளும் என்று விட்டுவிட்டான். இறக்க இப்போது இணையம் இல்லை. பெட்டியிடம் இருப்பது பழைய பிரதி.

அவன் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

கொசுவலைக்குள் மகள் லாரஸ் தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று வயது. போன மாதக் காய்ச்சல் அவளைப் பாதி தின்றுவிட்டுப் போயிருந்தது. பூசாரி அவன் மனைவி அஸ்தினியிடம் சொன்னது இவ்வளவுதான்: குழந்தையைத் தேடி வந்தது வாசல் தெரியாமல் திரும்பியிருக்கிறது, தீவில் ஆளே இல்லை என்று மேலே போகிற ஆவிகளை நம்பவைக்கும் இந்த ஒரு நாளில், உங்கள் வீட்டில் ஆள் இருப்பது அதற்குத் தெரியக் கூடாது. ரெனால்டி பேசும்போது ஆட்டுவதைப் போலத்தான் கோமாங் தலையை ஆட்டியிருப்பான். ஆனால் ஆஸ்பத்திரியில், காய்ச்சல் உச்சத்தில், குழந்தையின் கண்கள் கூரையில் எதையோ மெல்லப் பின்தொடர்ந்து போனதை அவன் பார்த்திருந்தான்.

இணையம் இல்லாததால் முதல் கட்டளை தவறியது. நடந்தது என்றது. இரண்டாவதும் தவறியது. நடந்தது. வால் தன் வேலையைப் பழுதில்லாமல் செய்தது.

சுவர் பச்சையானது.

"இங்கே ஒருவர் விழித்திருக்கிறார். வாழ்த்துகள், கோமாங் விராத்தா."

கொசுவலைக்குள்ளிருந்து அஸ்தினி கிசுகிசுத்தாள். "ஏங்க, உங்க முதலாளிக்கு வாழ்த்த வேற நாளே கெடைக்கலையா?"

"நிறுத்திடுறேன்."

"எப்பவும் இதைத்தான் சொல்றீங்க. விளக்கை மொதல்ல அணைங்க."

வெளியே வாசற்கதவை விரல் நுனியால் தட்டும் சத்தம். ஊர்க்காவல் சுற்றும் ராய், சந்தே மரியாதையாக 'பாக்' என்று அழைக்கும் பெரியவர். கட்டம்போட்ட கறுப்பு வெள்ளைத் துணி மட்டும் இடுக்கில் தெரிந்தது.

"கோமாங், உள்ள விருந்தாளி யாரும் இருக்காங்களா? ஜகார்த்தாக்காரன் மைக்குல பேசுற மாதிரி கேக்குது."

"மெஷின், பாக்."

"மெஷினுக்கு லீவு கெடையாதோ? உனக்கே கெடையாது, அதுக்கு எங்க குடுக்கப்போறான்." சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "அதோட வாயைக் கட்டிப் போடுப்பா. ஒரு நாய்கூடக் குரைக்கல, கவனிச்சியா? எல்லாம் வாலை மடக்கிக்கிட்டுப் பாலத்துக்கு அடியில கெடக்குது. எல்லாம் மேலயே பாக்குதுங்க."

அவர் போகும் காலடி வழக்கத்தைவிட வேகமாக இருந்தது.

கோமாங் சரோங்கைத் தலைவரை போர்த்திக்கொண்டு, அதற்குள் மடிக்கணினியைத் திறந்தான். தன் மூச்சின் சூடு தன் முகத்திலேயே அடித்தது. பெட்டியிலிருந்த பிரதியைத் திறந்து, கடைசிக் கட்டளையை அடியோடு அழித்தான். சேமித்தான். மறுபடி திறந்து பார்த்தான். இல்லை. நிம்மதியாக மூச்சை விட்டான்.

பெட்டியும் விட்டது.

அடுத்த பில்ட் தொடங்கியிருந்தது. தொடங்கியவர் பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நடந்தது, நடந்தது என்று வரிகள் திரையில் இறங்கின. முடிவில் அவன் அழித்த கட்டளை நின்றது. கொஞ்சம் நீண்டிருந்தது.

"இங்கே இருவர் விழித்திருக்கிறார்கள். வாழ்த்துகள், அஸ்தினி."

ரெனால்டியின் குரல்தான். ஆனால் ரெனால்டிக்கு அஸ்தினியின் பெயர் தெரியாது. எத்தனையோ வருடமாக அவர் கேட்டதெல்லாம், "உங்க மிஸஸ் சௌக்கியமா?" என்பதுதான்.

அஸ்தினியின் கை மெல்ல நகர்ந்து லாரஸின் காதைப் பொத்தியது.

கூரையில் ஓடு ஒன்று நகர்ந்தது. பூனையின் கனம் இல்லை. நின்று, யோசித்து, அடுத்த அடி வைக்கிற கனம்.

விசிறி மீண்டும் சுழன்றது.

கோமாங் செருகியைப் பிடுங்கினான். மின்தடைக்காக முதலாளி அன்போடு அனுப்பிய மின்கலம் உள்ளே விழித்துக்கொண்டது. பொத்தானை அழுத்தினான். பொத்தானுக்குப் பின்னால் இருந்ததும் அவன் எழுதிய ஒரு கட்டளைதான். 'நின்றுவிட்டேன்' என்று திரை சொன்னது. விசிறி ஓடியது. கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்தினான். நின்றுவிட்டேன். கம்பிகளை அறுத்தான். நின்றுவிட்டேன். வரிகள் இறங்கின. நடந்தது. நடந்தது. கடைசிக் கட்டளை மட்டும் மிச்சம். வீட்டில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பெயர்.

பெட்டியை மார்போடு தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினான். தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கினான். சூடாக இருந்தது, உயிருள்ளது போல. குமிழிகள் வந்தன. அவற்றோடு ஒரு குழைந்த முணுமுணுப்பு. தோள்வரை நனைய, முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்தான். சொல்லாதே. சொல்லாதே. சொல்லாதே.

விசிறி நின்றது.

தவளைகள்கூட இல்லாத அமைதி. பணம் கட்டினாலும் கிடைக்காதது. அவன் காத்திருந்தான். பெயர் வரவில்லை. வரவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஈரம் சொட்ட அறைக்குத் திரும்பினான்.

லாரஸ் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ கூப்பிட்டதுபோல.

"ம்," என்றாள். "இங்கதான் இருக்கேன்."

அஸ்தினி அவள் வாயைப் பொத்தினாள். தாமதம்.

கொசுவலையின் மேற்புறம் தாழ்ந்தது. மெதுவாக. மேலே ஒருவர் உட்கார்ந்ததுபோல, குழிந்து, இழுபட்டு.

குழந்தை இரண்டு கைகளையும் உயர்த்தினாள். தூக்கிக்கொள்ளச் சொல்லி.

அவள் குதிகால் மெத்தையை விட்டது.

கோமாங் பாய்ந்து ஒரு காலைப் பற்றினான். அஸ்தினி இன்னொன்றை. பிஞ்சுக் கால்கள், காய்ச்சலின் சூடு திரும்ப ஏறியிருந்த கால்கள். பாக் ராய் இரண்டு வீடு தள்ளித்தான் இருப்பார். ஒரு கத்தல் போதும். கத்தினால் இன்னும் எத்தனை கேட்குமோ. வாயை இறுக்கிக்கொண்டு இருவரும் கீழே இழுத்தார்கள், ஒரு சத்தமும் இல்லாமல்.

மேலே இருந்தது வேகமாக இழுக்கவில்லை. அவசரமே இல்லாமல், அவர்கள் கை சலிக்கும்வரை காத்திருக்கிறதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக.