கட்டிலின் இடப்பக்கம்

கொச்சி மட்டாஞ்சேரியில் நாற்பது நாள் ஒரு பேயோடு ஒரே கட்டிலில் படுத்தேன், இளைத்துப்போனது பேயில்லை, நான்தான்.

சிரிக்காதீர்கள். ஈப்போவில் முப்பது வருடம் தபால் பிரித்து ஓய்வு பெற்றவன் நான். பொய் சொன்னாலும் அளவோடுதான் சொல்வேன்.

மனைவி வசந்தியின் முழங்காலுக்கு ஆயுர்வேத சிகிச்சை. அவள் வைத்தியசாலையிலேயே தங்கினாள். மலேசியாவை விட்டு நகரமாட்டேன் என்று அடம்பிடித்த என்னை இழுத்துவந்து, பஜார் சாலையில் அறை வாடகைக்கு விடும் ராமபத்ரன் வீட்டு மாடியில் போட்டாள். கீழே மிளகு மூட்டைகள். பகலிலும் இருட்டு. மரப்படிகள் யாரும் மிதிக்காமலே முனகும்.

முதல் மத்தியானமே கட்டிலின் இடப்பக்கம் யாரோ படுத்ததுபோல் அமுங்கியது. ஈரத்துணி வாடை. என் இடக்கையில் ஒரு குளிர்.

மறுநாள் சாயா ருசிக்கவில்லை. அடுத்த வாரம் இடக்கையைக் கிள்ளினால் வலிக்கவில்லை. பிறகு பயமும் மரத்துப்போனது. தள்ளிப் படுத்து இடம் கொடுத்தேன். போனில் சொன்னதும் வசந்தி சிரித்தாள்; கீழே ராமபத்ரனிடமும் சொன்னேன்.

"பேயொண்ணும் இல்லை சாரே, மழைக்கால ஈரமாக்கும்," என்றார் ராமபத்ரன்.

நாற்பத்தோராம் நாள் வசந்தி தானே நடந்து வந்தாள்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்."

"எந்த வீடு?" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நினைவுக்கு வரவில்லை.

அவள் முகம் வெளுத்தது. கையைப் பிடித்துக் கீழே இழுத்துவந்தாள்.

ராமபத்ரன் கணினியில் என் புறப்பாட்டைப் பதிந்துகொண்டிருந்தார். வெளிநாட்டார் வந்தாலும் போனாலும் வீட்டுக்காரர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். என் அறைக்கு நேரே என் பெயரோடு இன்னொரு பெயரும் இருந்தது.

"இது யாருண்ணே?" என்றாள் வசந்தி.

"சிங்கப்பூர்க்காரர். ரெண்டு வருஷம் முன்னாடி இங்கே தங்கினார், ஆஸ்பத்திரியில் மரிச்சார். மரிச்சவரைப் புறப்பட்டுப் போனார்னு எப்படி எழுதறது சேச்சி? விட்டுட்டேன்."

"எழுதுங்கண்ணே! அவரு போனாத்தான் இவரை விடுவாரு!"

ராமபத்ரன் சிரித்துக்கொண்டே தட்டினார்.

மாடியில் கட்டில் கிரீச்சிட்டது.

மரப்படி முனகியது. ஒவ்வொன்றாக. கீழ்நோக்கி.

ஆளில்லை.

என் இடக்கை சுரீரென்றது. மிளகு நெடி மூக்கில் ஏறியது. "ஈப்போ!" என்று கத்தினேன். வசந்தி அழுதேவிட்டாள்.

வாசல் கதவு மட்டும் திறக்கவில்லை.

ராமபத்ரன் கொதிக்கும் சாயா கிளாஸை இடக்கையில் பற்றியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். விரல்கள் கன்றிச் சிவந்துகொண்டிருந்தன.

"அண்ணே, சுடலையா?"

"பக்கத்தில் வந்து உட்கார்ந்துட்டார்," என்று முணுமுணுத்தார். "நீங்க சொன்னதெல்லாம் வாஸ்தவமாக்கும், சாரே."