தாய் அல்ல

“தாய் அல்ல. தயவுசெய்து தாயை அழைத்து வரவும்” என்றது தாய்க்கூடு. மூன்றாவது முறையாக, அதே பணிவான குரலில்.

“நாந்தான் தாயி! வயித்துல தையல் தழும்பு இருக்குது, வந்து பாக்கறியா?” என்று பூங்கோதை அந்தப் பெட்டியைப் பார்த்துக் கத்தினாள். அவள் மடியில் குழந்தை முகம் சிவக்க வீறிட்டது. அதன் தலையில் மாட்டியிருந்த உணர்வுமானித் தொப்பியிலும் சிவப்பு விளக்கே எரிந்தது. குழந்தை அமைதியாகி, எடுத்திருப்பவர் தாய்தான் என்று கூடும் ஒப்புக்கொண்டு, அது பச்சையானால்தான் குழந்தையை வீட்டுக்கு விடுவார்கள்.

“சத்தம் போடாதீங்கம்மா, மார்க் இன்னும் கொறையும்” என்றாள் செவிலியர் ரெபேக்காள்.

“எம்புள்ளைக்கு நான் அம்மாவாகறதுக்கு மார்க்கா? நல்லா இருக்குதுங்க சிஸ்டர் உங்க நியாயம்!”

பூங்கோதை திருப்பூரில் பனியன் மூட்டை ஏற்றும் மின்வண்டி ஓட்டுகிறவள். எந்தப் போக்குவரத்துக் காவலரையும் வாயாலேயே மடக்கிவிடுவாள். ஒரு பெட்டியிடம் போய்த் தோற்றுக்கொண்டிருந்தாள்.

இவளுடையதைப் போல ஏழாம் மாதமே பிறந்துவிடும் குழந்தையின் மூளை கட்டி முடிக்காத வீடு மாதிரி. தொடுவது, கேட்பது, முகர்வது எல்லாவற்றையும் வைத்துத்தான் மிச்சத்தைக் கட்டிக்கொள்கிறது. முன்பெல்லாம் அதற்காகவே குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டி, நாற்காலியில் உட்கார வைப்பார்கள். தாய்க்கூடு என்ற இந்தப் பெட்டி வந்ததும் நாற்காலிகளைத் தூக்கிவிட்டார்கள். குரல், இதயத்துடிப்பு, உடல்சூடு, வாசனை நான்கையும் ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும், கூடே அம்மாவாக இருந்துகொள்ளும். வாங்க வருபவர் தாய்தானா என்பதை மட்டும் தன் முகர்வுத் துளைகளால் மோந்துதான் பார்க்கும். இடம் மிச்சம், தொற்று பயமும் இல்லை. குழந்தைகள் நன்றாகத்தான் தேறின. அதைக் குறை சொல்ல முடியாது.

“இங்க குடு, நான் பாக்கறேன்” என்று அவள் கணவன் இளவழகன் கைநீட்டினான். குழந்தை அவன் தோளில் மூக்கை வைத்தது. அழுகை சட்டென்று நின்றது. விளக்கு பச்சையானது.

“தாய் வந்துவிட்டார். வாழ்த்துகள்” என்றது கூடு.

மீசை வைத்த அந்தத் தாய் திருதிருவென விழித்தான். ரெபேக்காள் அருகே போய் அவன் சட்டையை முகர்ந்து பார்த்தாள்.

“கூட்டுல வைக்க வாசனைத் துணி கொண்டுவந்து கொடுத்தது யாரு?”

“நாந்தானுங்க சிஸ்டர்” என்றான் இளவழகன்.

“அம்மா உடுத்தின துணி, தொவைக்காம கொடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

“சொன்னீங்க. அதுக்குன்னு ஆஸ்பத்திரிக்கு அழுக்குத் துணியவா குடுக்கறது? நாலு பேரு என்ன நெனப்பாங்க? பார் சோப்பு போட்டுத் தொவச்சு, சாம்பிராணி காட்டித்தான் குடுத்தனுங்க.”

அவன் சட்டைக்கும் அதே சோப்பு, அதே புகை. இத்தனை நாளும் குழந்தைக்கு அம்மாவாக இருந்தது அந்தச் சோப்புதான். பூங்கோதையோ நாளெல்லாம் வண்டி ஓட்டி, வியர்வையோடு நேராக வந்திருந்தாள்.

ரெபேக்காள் வரிசையில் காத்திருந்த மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். “உங்கள்ல யாரு தொவைக்காம கொடுத்தீங்க?”

ஒரு கையும் உயரவில்லை. கடைசியில் ஒரு பெண், “நாங்களும் அதே பார் சோப்புதான், இஸ்திரியும் போட்டுத்தானுங்க குடுத்தோம்” என்றாள்.

அவள் குழந்தையையும் இளவழகனிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பச்சை. அடுத்த குழந்தைக்கும் பச்சை. “தாய் வந்துவிட்டார், தாய் வந்துவிட்டார்” என்று கூடுகள் வாழ்த்திக்கொண்டே இருந்தன. ரெபேக்காள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மருத்துவர் வந்து கேட்டுவிட்டு அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: “மெஷினத் திருத்தக் கம்பெனி ஆள் வரணும். அதுவரைக்கும் அம்மாக்கள் பார் சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வாங்க. அவ்வளவுதான விஷயம்.”

கடவுளே! பூங்கோதை மருத்துவமனைக் குளியலறையில் துணி சோப்பைத் தேய்த்துக் குளித்து, கணவன் சட்டையைப் போட்டுக்கொண்டு, மீண்டும் மடியை நீட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. மானம் போனால் போகிறது என்று குழந்தையை வாங்கிக்கொண்டு வீடு வந்தாள்.

திருப்பூர் வெயிலில் சோப்பு எத்தனை நேரம் தாங்கும்? சாயங்காலமே வியர்வை வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

“இந்தா, இந்தச் சட்டைய மேல போட்டுக்க” என்றான் இளவழகன்.

“வேண்டாம் மாமா. அழுதா அழுகட்டும். நானும் கூட அழுதுக்கறேன்.”

குழந்தையை வெறும் மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். மறுநாள் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை, கொடியில் ஆடிய சட்டைகளின் வாசனை வந்ததும் அவளை விட்டுவிட்டு அந்தப் பக்கம் தலையைத் திருப்பியது. பூங்கோதை கொடியில் இருந்த சட்டைகளை உருவி எறிந்தாள்.

“இனி இந்த வீட்டுல ஒருத்தரும் துணி தொவைக்கக் கூடாது!”

மடிப்புக் கலைந்தாலே தாங்காத இளவழகன் அழுக்குச் சட்டையோடு வேலைக்குப் போனான். பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அவன் அதையும் பொறுத்துக்கொண்டான். மெல்ல மெல்லக் குழந்தை அவள் கழுத்தில் முகம் புதைக்கப் பழகியது. பிறகு அங்கேதான் தூங்கியது.

கம்பெனி ஆள் வருவதற்குள் மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். குழந்தை அவள் தோளில் அயர்ந்து தூங்க, ரெபேக்காள் மெதுவாகத் தொப்பியை மாட்டினாள். சிவப்பு.

“குழந்தை அந்நியரிடம் அமைதியாக இருக்கிறது. மூளை வளர்ச்சியில் பின்னடைவு. உடனே கூட்டில் வைக்கவும். தயவுசெய்து தாயை அழைத்து வரவும்.”

பூங்கோதை இந்த முறை கத்தவில்லை. குழந்தை எழுந்துவிடும். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தை நன்றாகத் துடைத்து, கூட்டின் முகர்வுத் துளைகள் மேல் விரித்துப் போட்டாள்.

“இந்தா, நல்லா மோந்து பாத்துக்க” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. “தொவைக்காதது.”