பதினோராம் பேரரசரின் கட்டில்

செருப்பு அலமாரியின் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆளைக் காணவில்லை.

அவன் கண்களை இன்னும் இறுக மூடிக்கொண்டான். தேர்வு அறையின் பத்து மணி வெயில், தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறி, முன்பெஞ்சுக்காரனின் வியர்த்த முதுகு எல்லாம் விலகிப் போக, மனசுக்குள் மறுபடி வீட்டு வாசலில் போய் நின்றான். கதவைத் திறந்தான். அலமாரி இருந்தது. அதன் மேல் விஷம் தடவிய அத்திப்பழத் தட்டு இருந்தது. தட்டை ஏந்தி நிற்க வேண்டிய முதல் பேரரசர் மட்டும் இல்லை.

'ரோமின் முதல் பதினோரு பேரரசர்கள் இறந்த விதத்தை வரிசைப்படி எழுதுக.' இருபது மதிப்பெண். பண்டைய கிரேக்க, ரோமானிய நாகரிகத் தாளில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவன் அவன். இந்த முறையும் போனால் கல்லூரியிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்கள்.

மனப்பாடம் அவனுக்கு ஏறாது. வழி பாடத்திலேயே இருந்தது. அந்தக் காலத்துப் பேச்சாளர்கள், நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டை மனசில் நிறுத்தி, நினைவில் இருக்க வேண்டியதை மூலைக்கு ஒன்றாக வைத்துவிடுவார்கள். பேசும்போது வாசலிலிருந்து நடந்துபோய் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வார்கள். வைக்கிற உருவத்தில் ரத்தம் பூசு, அப்போதுதான் மனசில் ஒட்டும் என்பது அவர்கள் யோசனை. அவனும் தன் வீட்டில் ஒரு வாரமாகப் பேரரசர்களைக் குடிவைத்துக்கொண்டிருந்தான்.

அந்த வீட்டில் அவனும் அக்காவும் மட்டும்தான். அக்கா ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ். நேற்றுக் கிளம்பும்போதும் கேலி.

"என்னடா, எல்லா ராஜாவும் குடிவந்தாச்சா? பாத்ரூம்ல யாரு?"

"காளான் சாப்பிட்டுச் செத்தவரு, அக்கா."

"நாசமாப் போச்சு. இனிமே நான் எங்க குளிக்கிறது?"

பத்துப் பேருக்கு இடம் கிடைத்தது. பதினோராவது ஆளுக்குத்தான் கிடைக்கவில்லை. இன்று காலை பஸ்ஸில் வரும்போது அவசர அவசரமாக யோசித்தான். தன் படுக்கையறையிலேயே, தன் ஆட்களாலேயே குத்திக் கொல்லப்பட்டவர் அவர். வசதியாகப் போயிற்று என்று அக்காவின் கட்டிலில் கிடத்திவிட்டான். அக்கா எட்டு மணிக்கு வந்து அதே கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பது அப்போது உறைக்கவில்லை.

இப்போது ஹாலுக்கு நடந்தான். சோபாவில் தலையணை கிடந்தது, நடுவில் ஒரு முகம் அழுந்திய பள்ளத்தோடு. தலையணையால் அமுக்கப்பட்டவர் எழுந்துபோயிருந்தார். பாத்ரூம் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரப் பாதத் தடங்கள் வாசலை நோக்கி அல்ல, வீட்டின் உள்ளே போயின. சமையலறையில் பழைய இரும்பு வாசனை. மேடையில் கத்தி செருகும் கட்டை.

காலி.

மனசுக்குள் இருக்கும் இந்த வீட்டில் கத்திகளை அவன் தொட்டதே இல்லை. அவற்றை எந்தப் பேரரசரோடும் சேர்க்கவும் இல்லை.

சட்டென்று எழுந்தான். பெஞ்ச் கிறீச்சிட்டது.

"மேடம், நான் வீட்டுக்குப் போகணும்."

கண்காணிப்பாளர் கடிகாரத்தைக் காட்டினார். "முதல் ஒரு மணி நேரம் யாரும் வெளிய போக முடியாது. என்ன அவசரம்?"

"வீட்ல அக்கா தனியா இருக்கா."

"சின்னப் புள்ளையா?"

"முப்பது வயசு மேடம்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "உக்காருப்பா. தண்ணி குடி. படிச்சதை நினைச்சுப் பாரு, தானா வரும்."

உட்கார்ந்தான். நினைக்கக் கூடாது. விசிறியின் இறக்கைகளை எண்ணினான். பெஞ்சில் கீறியிருந்த பெயர்களைப் படித்தான். கண்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டான். பயனில்லை. ஒரு வாரம் நடந்து பழகிய கால்கள் வெள்ளைத்தாளின் மேலேயே நடந்தன. சமையலறை தாண்டி. நடை தாண்டி. அக்காவின் அறை.

கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே, திரை போட்ட மங்கல். டெட்டால் வாசனை. கட்டிலைச் சுற்றி முதுகுகள். எண்ணினான். பத்து. எல்லாருடைய கையிலும் ஏதோ மினுங்கியது.

தலைமாட்டில் இன்னொருவர். பதினொன்று.

அவர் கட்டிலில் அல்லவா கிடக்க வேண்டும்?

நின்றுகொண்டிருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

கட்டிலில் போர்வை ஏறி இறங்கியது. நிதானமான மூச்சு. வெளியே நீண்டிருந்த காலில் டியூட்டி சாக்ஸ் இறுக்கிய தடம்.

யாரும் அசையவில்லை. காத்திருந்தார்கள். அவனுக்காக. அவன் நினைத்தால்தான் அடுத்தது.

வரிசையில் ஒரு ஆள் நிற்கும் அளவு விலகி வழிவிட்டார்கள்.

நினைக்காதே. நினைக்காதே.

போர்வை அசைந்தது. கண்ணைத் திறக்காமலே, தூக்கக் கலக்கத்தில், அக்கா அவன் பக்கமாகப் புரண்டாள்.

"வந்துட்டியாடா? பரீட்சை எப்படி எழுதின?"

பதினோரு கைகளும் உயர்ந்தன.